பார்த்தது பொய்யில்லை: லைம் நோயும் பாதி மறைந்த பெயர்ப்பலகையும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலையில் நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். கல்லூரியில் நாலு வருஷம் ஒரே ஹாஸ்டல் அறை. இப்போ அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில், ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக ஆன்சைட்டில் உட்கார்ந்து கோட் அடித்துக் கொண்டிருக்கிறான்.

"மச்சான், நேத்து மீட்டிங்ல இருக்கும்போதே ஸ்க்ரீன்ல பாதி காணாமப் போச்சுடா."

நான் வழக்கம்போல மானிட்டர் கேபிளைப் பற்றி ஏதோ கடித்தேன். அவன் சிரிக்கவில்லை. காணாமல் போனது ஸ்க்ரீனில் இல்லை, அவன் பார்வையில். நடுவில் சின்னதாக ஒரு புள்ளி, அந்த இடத்தில் எழுத்து தெரியவில்லை. புள்ளி மெதுவாகப் பெரிதாகி, அதன் ஓரத்தில் ரம்பப்பல் மாதிரி ஒரு கோடு பளபளவென்று துடிக்க ஆரம்பித்திருக்கிறது. வலது கண்ணை மூடினாலும் தெரிகிறது, இடது கண்ணை மூடினாலும் தெரிகிறது. இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் அப்படியே ஓரமாக நகர்ந்து போய் மறைந்துவிட்டது.

மற்றவர்களாக இருந்தால் தூக்கமில்லை என்று விட்டுவிடுவார்கள். இவனால் முடியாது. இரண்டு வருஷம் முன்னால் அவனுக்கு லைம் நோய் வந்தது. தொடையில் சிவப்பு வளையம், காய்ச்சல், மூட்டுவலி. மாத்திரை சாப்பிட்டு வளையம் போனது. ஆனால் அசதி போகவில்லை. மூட்டுவலி வந்து வந்து போகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை மறந்துபோகிறது. இப்போ கண்ணும்.

அவசரத்துக்குப் போன ஒரு கிளினிக்கில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு "ஸ்ட்ரெஸ், நல்லா தூங்குங்க" என்று அனுப்பிவிட்டார்களாம். தெரிந்த இன்னொரு நோயாளியிடம் கேட்டால், "சந்தேகமே வேண்டாம், கிருமி மூளைக்குப் போயிடுச்சு, ஆறு மாசம் ஆன்டிபயாடிக் ஏத்தணும்" என்றாராம். ஒருத்தர் ஒன்றுமே இல்லை என்கிறார், இன்னொருத்தர் எல்லாமே அதுதான் என்கிறார். "நீதான் சரித்திரம் சரித்திரம்னு படிச்சுக்கிட்டே இருப்பியே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுடா" என்றான்.

நான் டாக்டர் இல்லை. கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்கிறவன். அதனால் முதலில் நல்ல கண் டாக்டரிடம் போ என்று சொல்லிவிட்டு, அப்புறம் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் பிடிபட்டது. லைம் நோயின் கதையும் சரி, அந்த ரம்பப்பல் கோட்டின் கதையும் சரி, இரண்டுமே ஆரம்பித்தது லேபில் இல்லை. தனக்கு நடந்ததை ஒழுங்காக எழுதி வைத்தவர்களிடம்.

ஒரு அம்மாவின் நோட்டுப் புத்தகம்

ஹார்ட்ஃபோர்ட் வழியாக ஓடும் கனெக்டிகட் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது ஓல்ட் லைம். பக்கத்திலேயே லைம். மரம் அடர்ந்த, அமைதியான ஊர்கள். அந்தப் பகுதியில் கணவர், நாலு பிள்ளைகளோடு வசித்தவர் பாலி மரே. 1960-களின் நடுவிலிருந்தே அவருக்கு விளங்காத உடம்பு: தலைவலி, மூட்டு வீக்கம், தடிப்பு, காய்ச்சல். அப்புறம் கணவருக்கு, பிள்ளைகளுக்கு என்று ஒவ்வொருவராக. டாக்டர் மேல் டாக்டர். ஒவ்வொரு டெஸ்டும் நார்மல். கடைசியில், எல்லாம் மனசு சம்பந்தப்பட்டது என்கிற மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த அம்மா செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். எழுதி வைத்தார். யாருக்கு, என்றைக்கு, எந்த மூட்டு, எத்தனை நாள். வீட்டோடு நிற்காமல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் விசாரித்துக் குறித்துக்கொண்டார். பல பிள்ளைகளுக்குச் "சிறார் முடக்குவாதம்" என்று டாக்டர்கள் பெயர் வைத்திருந்தார்கள். அது அபூர்வமான நோய். தொற்றுநோயும் கிடையாது. ஒரே தெருவில் நாலு பேருக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. 1975 அக்டோபரில் பாலி மரே மாநில சுகாதாரத் துறைக்குப் போன் பண்ணினார். அதே சமயத்தில் அதே பகுதியிலிருந்து இன்னொரு அம்மாவும் பண்ணினார்.

அங்கே இருந்த டேவிட் ஸ்னைட்மன் என்கிற இளம் டாக்டர் காது கொடுத்துக் கேட்டார். யேல் பல்கலைக்கழகத்தில் மூட்டுநோய் படிக்க அப்போதுதான் வந்திருந்த ஆலன் ஸ்டியரிடம் விஷயத்தைச் சொன்னார். ஸ்டியர் அதற்கு முன் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் தொற்றுநோய்களைத் துப்பறியும் வேலையில் இருந்தவர். பாலி மரே தன் குறிப்புகளோடு போய் அவரைப் பார்த்தார். ஸ்டியர் கதவைச் சாத்தவில்லை, பட்டியலை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

1977-ல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் கணக்கு இருக்கிறது. லைம், ஓல்ட் லைம், ஈஸ்ட் ஹாடம் என்று மூன்று அடுத்தடுத்த ஊர்களில் 51 பேர். அதில் 39 பேர் பிள்ளைகள். பெரும்பாலும் கோடையில், அல்லது இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஆரம்பித்திருக்கிறது. காடு ஒட்டிய சில சாலைகளில் பத்துப் பிள்ளைகளில் ஒன்றுக்கு. 51 பேரில் 13 பேருக்கு மூட்டு வீங்குவதற்குச் சில வாரம் முன்னால் தோலில் பெரிதாகப் பரவும் ஒரு சிவப்பு வளையம் வந்திருக்கிறது.

அந்த வளையம் உலகத்துக்குப் புதுசு இல்லை. ஸ்வீடனில் ஆர்விட் அஃப்செலியஸ் என்கிற தோல் டாக்டர் 1909-லேயே அதை விவரித்து, உண்ணிக்கடியோடு சம்பந்தப்படுத்தி இருந்தார். 1922-ல் பிரான்சில் கரான், புஜாடு என்று இரண்டு டாக்டர்கள் உண்ணிக்கடிக்குப் பின் வந்த நரம்பு வலியையும் பக்கவாதத்தையும் எழுதி இருந்தார்கள். 1951-ல் ஸ்வீடனில் பென்சிலின் கொடுத்து வளையத்தைக் குணப்படுத்தியதாகக் கட்டுரையே வந்துவிட்டது. தோல் டாக்டர் வளையத்தைப் பார்த்தார், நரம்பு டாக்டர் நரம்பைப் பார்த்தார், மூட்டு டாக்டர் மூட்டைப் பார்த்தார். யானையைத் தடவின கதைதான். முழு யானையையும் ஒரே வீட்டில் வைத்துப் பார்த்தது ஒரு அம்மா.

குடலுக்குள் ஒரு சுருள்

சரி, வளையம் உண்ணியால் என்றால் உண்ணிக்குள் என்ன? யேல் குழு முதலில் வைரஸாக இருக்கும் என்றுதான் நினைத்தது. ஆறு வருஷம் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

கிடைத்தது வேறு எதையோ தேடப் போனவருக்கு. வில்லி பர்க்டோர்ஃபர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்காரர். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து ராக்கி மவுண்டன் ஆய்வுக்கூடத்தில் உண்ணி அறுப்பதே அவர் வேலை. நிஜமாகவே அதுதான் வேலை. 1981-ல் நியூயார்க் மாநிலத்து ஷெல்டர் தீவிலிருந்து உண்ணிகள் வந்தன. அவர் தேடியது புள்ளிக்காய்ச்சல் கிருமியை. அது இல்லை. ஆனால் குடலைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது மெலிசாக, நீளமாக, சுருள் சுருளாக ஏதோ தெரிந்தது. ஸ்பைரோகீட் என்கிற சுருள் பாக்டீரியா. மேகநோயான சிபிலிஸைக் கொடுக்கும் கிருமியின் தூரத்துச் சொந்தம்.

ஐரோப்பாவின் பழைய தோல் நோய்க் கட்டுரைகள் பர்க்டோர்ஃபருக்குத் தெரியும். இரண்டையும் முடிச்சுப் போட்டார். 1982-ல் கட்டுரை வந்தது: அந்தத் தீவின் 126 உண்ணிகளில் 77-க்குள் சுருள் இருந்தது. அடுத்த வருஷம் நோயாளிகளின் ரத்தத்திலிருந்தும் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1984-ல் அவர் பெயரையே வைத்து பொர்ரீலியா பர்க்டோர்ஃபெரி என்று பெயரிட்டார்கள்.

பரப்புவது மான் உண்ணி. அதில் ஆபத்தானது கசகசா அளவே இருக்கும் இளம் பருவம். ஒட்டிக்கொண்டு இருப்பதே தெரியாது. பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டி இருந்தால்தான் கிருமி உள்ளே போகும். கனெக்டிகட்டில் ஏன் இவ்வளவு? விவசாயத்தை விட்டுவிட்டுப் போன நிலமெல்லாம் 20-ஆம் நூற்றாண்டில் மறுபடி காடானது. மான்கள் திரும்பி வந்தன. அந்தக் காட்டுக்குள்ளேயே வீடும் கட்டிக் குடியேறினார்கள். நண்பன் வாடகைக்கு இருக்கும் வீட்டுப் பின்பக்கமும் அப்படித்தான். போட்டோவில் பார்க்க ரம்மியமாக இருக்கும்.

கண்ணில் என்ன செய்யும்?

இந்தச் சுருள் கண்ணுக்குப் போகுமா? போகும். ஆனால் எப்படிப் போகும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நோயின் ஆரம்பத்தில் சிலருக்குக் கண் சிவந்து உறுத்தும், தானாகச் சரியாகிவிடும். முகத்து நரம்பு செயலிழந்தால் இமை மூடாமல் கருவிழி காய்ந்து புண்ணாகலாம். கண்ணைத் திருப்பும் நரம்பு பாதிக்கப்பட்டால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். அபூர்வமாகக் கண்ணின் உள்ளே அழற்சி வரும், அதைவிட அபூர்வமாகப் பார்வை நரம்பிலேயே அழற்சி வரும். சில பிள்ளைகளுக்கு மண்டைக்குள் அழுத்தம் ஏறி, பார்வை சில நொடி மங்கி மங்கித் திரும்பும்.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நண்பன் சொன்னதைப் பார்த்தேன். சிவப்பு இல்லை. வலி இல்லை. இரட்டையாகத் தெரியவில்லை. ஆனால் நகர்கிறது. ஒரு புள்ளியில் தொடங்கி, மினுக்கிக்கொண்டே விரிந்து, இருபத்தைந்து நிமிஷத்தில் வெளியேறுகிறது. பட்டியலில் எதுவும் இப்படி நடப்பதில்லை. ஆனால் இதே வர்ணனையை வேறு எங்கேயோ படித்திருக்கிறோமே என்று தோன்றியது. தேடினால், அது 200 வருஷப் பழைய கதை.

ஜான்சன் போய் சன் வந்தது

வில்லியம் ஹைட் வொலாஸ்டன், இங்கிலாந்துக்காரர். பல்லேடியம், ரோடியம் என்ற இரண்டு உலோகங்களைக் கண்டுபிடித்தவர். 1824-ல் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை படித்தார். அதில் உலோகம் எதுவும் இல்லை, அவர் கண்ணுக்கு நடந்தது இருந்தது. இருபது வருஷத்துக்கும் முன்னால் ஒருநாள், இரண்டு மூன்று மணி நேரம் கடுமையாக உடம்பை அலட்டிக்கொண்ட பிறகு, எதிரில் வந்த மனிதரின் முகத்தில் பாதிதான் தெரிந்திருக்கிறது. ஒரு கதவின் மேல் "ஜான்சன்" என்று எழுதியிருந்த பெயரைப் படித்தால் "சன்" மட்டும்தான் தெரிகிறது. எந்தக் கண்ணால் பார்த்தாலும் அதே இடது பாதி காணவில்லை. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. பல வருஷம் கழித்து மறுபடி வந்தபோது வலது பாதி போயிருந்தது.

பயந்து போய் உட்காராமல் அவர் ஒரு கேள்வி கேட்டார். கண்ணில் கோளாறு என்றால் ஒரு கண்ணில்தானே வரவேண்டும், இரண்டு கண்ணிலும் ஒரே பாதி எப்படிப் போகும்? அப்படியானால் இரண்டு கண்ணிலிருந்து வரும் நரம்பிழைகளில் பாதி மட்டும் குறுக்கே மாறிப் போய், உள்ளே ஒரே இடத்தில் சேர்கின்றன என்றார். இன்றைய மருத்துவப் பாடமும் அதைத்தான் சொல்கிறது. கோளாறு நரம்புப் பாதையில் என்று நினைத்தார், அது மட்டும் தவறு. பார்த்தது நூற்றுக்கு நூறு சரி, விளக்கம் பாதி சரி. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அடுத்து வந்தவர்கள் அப்பாவும் பிள்ளையும். அப்பா ஜார்ஜ் ஏரி, இங்கிலாந்தின் அரசு வானியலாளர். 1865-ல் தன் கண்ணில் வரும் காட்சியைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பிள்ளை ஹூபர்ட் ஏரி, டாக்டர். அவருக்கும் 1854-லிருந்து அதே காட்சி. 1870-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் படங்கள் இருக்கின்றன. புள்ளி எப்படி ஆரம்பித்தது, எப்படி விரிந்தது என்று படிப்படியாகக் கையால் வரைந்தவை. ஓரம் முழுக்கக் கோணல்மாணலாக, மூலைமூலையாக நீட்டிக்கொண்டு, பழைய ஐரோப்பியக் கோட்டை மதிலை மேலிருந்து பார்ப்பது போல. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் பழைய வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். மதிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்து "டைகாப்சியா" என்று பெயரே வைத்தார் ஹூபர்ட். மகனுக்குப் பிறகு தலை பிளக்கும். அப்பாவுக்குக் காட்சியோடு சரி, தலைவலியே கிடையாது.

தலைவலி இல்லாமலும் வரும் என்பது முக்கியம். ஏனென்றால் இதன் இன்றைய பெயர் மைக்ரேன் ஆரா. "எனக்குத்தான் தலையே வலிக்கலையே, அப்புறம் எப்படி மைக்ரேன்?" என்று நண்பனும் கேட்டான்.

ஒரு நிமிஷத்துக்கு மூன்று மில்லிமீட்டர்

படம் வரைந்தாயிற்று. உள்ளே என்ன நடக்கிறது? அதற்கும் ஒரு நோயாளிதான் வழி காட்டினார். கார்ல் லாஷ்லி, அமெரிக்க மூளை ஆராய்ச்சியாளர். அவருக்கே இந்த ஆரா அடிக்கடி வரும். வந்ததும் காகிதத்தை எடுத்து, இத்தனையாவது நிமிஷத்தில் ஓரம் இங்கே என்று குறித்துக்கொண்டே போவார். அப்புறம் கணக்குப் போட்டார். மூளையின் பின்பக்கத்தில் பார்வைக்கான புறணி எவ்வளவு அகலம், அதைக் கடக்க எத்தனை நிமிஷம்? 1941-ல் விடை சொன்னார்: ஏதோ ஒன்று மூளையின் மேற்பரப்பில் நிமிஷத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது.

எது ஊர்கிறது? மூன்று வருஷம் கழித்து, இவரோடு சம்பந்தமே இல்லாமல், அரிஸ்டிடெஸ் லியோ என்கிற பிரேசில் நாட்டு இளைஞர் ஹார்வர்டில் முயல்களை வைத்து வலிப்பு நோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். மூளையைத் தூண்டினால் மின்துடிப்பு எகிறும் என்று எதிர்பார்த்தார். எகிறவில்லை, அடங்கியது. அந்த அமைதி ஒரு அலையாக மெதுவாகப் பரவியது. வேகம் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்!

1958-ல் பீட்டர் மில்னர் என்பவர் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து, "ரெண்டும் ஒண்ணா இருக்குமோ?" என்கிற கேள்வியை எழுப்பினார். மனிதர்களிடம் நேரடியாகப் பார்க்க 2001 வரை ஆனது. ஆரா வந்துகொண்டிருக்கும்போதே ஆளை எம்ஆர்ஐ-க்குள் படுக்க வைக்க வேண்டுமே, சொல்லி வைத்தா வரும்? பாஸ்கெட்பால் ஆடினால் தனக்கு ஆரா வந்துவிடும் என்று தெரிந்து வைத்திருந்த ஒருவர் கிடைத்தார். ஆட விட்டு, ஸ்கேனில் போட்டார்கள். புறணியில் அலை ஊர்ந்தது பதிவானது. உடம்பை அலட்டியபின் பாதி முகம் பார்த்த வொலாஸ்டன் இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

அப்போ லைம் இல்லையா?

இங்கேதான் ஒரு சின்ன தொழில் ரகசியம். எங்கள் வேலையில் பக் ரிப்போர்ட் என்று ஒன்று வரும். பயன்படுத்துகிறவர் எழுதுவார்: "பட்டனை அமுக்கினால் பக்கம் காணாமல் போகிறது. உங்கள் சர்வரில் கோளாறு." முதல் வாக்கியம் அவர் பார்த்தது. அது எப்போதுமே நிஜம். இரண்டாவது வாக்கியம் அவர் ஊகம். அது சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். மோசமான இன்ஜினியர் இரண்டு வகை. ஒருத்தன் "என் மெஷின்ல சரியா ஓடுதே" என்று ரிப்போர்ட்டையே மூடிவிடுவான். இன்னொருத்தன் அவர் சொன்ன காரணத்தை அப்படியே நம்பி சர்வரைக் கழற்றிக்கொண்டு உட்காருவான்.

லைம் நோயின் கடந்த முப்பது வருஷச் சண்டை முழுக்க இந்த இரண்டு தப்புக்கும் நடுவில்தான். சிகிச்சைக்குப் பின்னும் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு அசதி, வலி, மறதி நீடிக்கிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்கிறது. நோயாளிகள் அதை "நாள்பட்ட லைம்" என்கிறார்கள், கிருமி இன்னும் உள்ளே இருக்கிறது என்கிறார்கள். பெரும்பாலான டாக்டர்கள் அந்தப் பெயரை ஏற்பதில்லை. கிருமி உயிரோடு இருப்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பது அவர்கள் வாதம்.

2001-ல் மார்க் கிளெம்ப்னர் குழு 129 பேரை வைத்துச் சோதித்தது. பாதிப் பேருக்கு 30 நாள் ஊசி, 60 நாள் மாத்திரை என்று 90 நாள் ஆன்டிபயாடிக். மீதிப் பேருக்கு வெறும் போலி மருந்து. வித்தியாசம் இல்லை. 2016-ல் நெதர்லாந்தில் 280 பேரை வைத்துச் செய்த சோதனையிலும் நீண்ட சிகிச்சையால் கூடுதல் பலன் இல்லை. நரம்பில் மாதக்கணக்கில் குழாய் போட்டு மருந்து ஏற்றியதில் வேறு கிருமி தொற்றி ஆபத்தானவர்கள், இறந்தவர்கள் பற்றி 2017-ல் அரசு மையமே அறிக்கை வெளியிட்டது.

ஆனால் அந்த 2001 கட்டுரையில் யாரும் அதிகம் பேசாத இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த நோயாளிகளின் உடல்நிலையை அளந்து பார்த்தார்கள். இதயம் பலவீனமானவர்கள், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் எவ்வளவு முடங்கி இருப்பார்களோ, அவ்வளவு முடங்கி இருந்தார்கள். கஷ்டம் நிஜம். அந்த மருந்துதான் அதற்கு மருந்து இல்லை. ஒரே கட்டுரையில் இரண்டும் இருந்தது. டாக்டர் தரப்பு ஒன்றை மட்டும் படித்தது, நோயாளி தரப்பு இன்னொன்றை.

இதில் பெரிய சோகம் ஆலன் ஸ்டியர். 1975-ல் யாரும் கேட்காத பாலி மரேயின் பட்டியலை வாங்கிப் படித்தவர். பிற்காலத்தில், எல்லாவற்றுக்கும் லைம்தான் காரணம் என்று தீர்மானித்து மாதக்கணக்கில் மருந்து ஏற்றுவது தவறு என்று அவர் சொன்னதும், நோயாளிகளில் ஒரு பகுதியினர் அவரை எதிரியாக்கினார்கள். ஆர்ப்பாட்டம், மிரட்டல் எல்லாம் வந்தது. 2006-ல் சண்டை சட்டத்துக்கும் போனது. தொற்றுநோய் டாக்டர்கள் சங்கம் வெளியிட்ட லைம் வழிகாட்டு நெறிகளை கனெக்டிகட் அட்டர்னி ஜெனரலே விசாரித்தார். 2008-ல் உடன்பாடு. அதன்படி அமைந்த மறுஆய்வுக் குழு 2010-ல் நெறிகள் சரிதான் என்றது. அதனால் யாருடைய அசதியும் குறையவில்லை என்பது வேறு விஷயம்.

கண் விவகாரத்திலும் இதே மாதிரி ஒன்று உண்டு. டிவியில் சேனல் வராதபோது புள்ளி புள்ளியாக இரையுமே, அதுபோல எந்நேரமும் பார்வை முழுக்கத் தெரிகிறது என்று சிலர் சொல்லிக் கொண்டிருந்தார்கள். கண் பரிசோதனை நார்மல். போதை மருந்தா, மனநோயா என்று கேட்டு அனுப்பினார்கள். 1995-ல் பத்துப் பேரை வைத்து ஒரு கட்டுரை வந்தது. 2014-ல்தான் "பார்வைப் பனி" என்று தனி நோய்க்குறியாக வரையறுத்தார்கள். ஸ்கேன் பண்ணிப் பார்த்தால் மூளையின் பார்வைப் பகுதியில் ஒரு இடம் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. கண்ணில் ஒன்றும் இல்லை என்று சொன்னவர்கள் சொன்னது சரி. ஒன்றுமே இல்லை என்று சொன்னதுதான் தப்பு.

நண்பன் கதை

நண்பன் கண் டாக்டரிடம் போனான். கண்மணியை விரித்து விழித்திரையையும் நரம்பையும் பார்த்தார், சுத்தம். அங்கிருந்து நரம்பியல் டாக்டர். இந்த முறை நான் சொல்லி அனுப்பியபடி காரணத்தைச் சொல்லாமல் பார்த்ததை மட்டும் சொன்னான். எத்தனை நிமிஷம், எந்தப் பக்கம், எப்படி நகர்ந்தது. கையால் வரைந்த படமும் கொண்டுபோனான். அந்த டாக்டர் படத்தைப் பார்த்ததும், "இதை 150 வருஷம் முன்னாடியே ஒருத்தர் வரைஞ்சுட்டார், தெரியுமா?" என்று கேட்டாராம். ஸ்கேனும் எடுத்துவிட்டு மைக்ரேன் ஆரா என்றார். அசதியும் மறதியும்? "அதுவும் நிஜம்தான். கிருமி போன பிறகு உடம்பு ஏன் பழைய நிலைமைக்குத் திரும்பலைங்கிற கேள்விக்கு இன்னும் முழு விடை இல்லை. ஆனா தூக்கம், வலி, தலைவலி ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வைத்தியம் இருக்கு, அதை இப்பவே ஆரம்பிக்கலாம்" என்றாராம்.

2025-ல் அமெரிக்க தேசிய அகாதெமிகள் வெளியிட்ட அறிக்கையும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. காரணம் தெரிந்த பிறகுதான் வைத்தியம் என்று காத்திருக்காதீர்கள், கஷ்டத்தைக் குறைக்கும் வழிகளை இப்போதே தேடுங்கள் என்று.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன், யாரும் இதைப் படித்துவிட்டு "எல்லாம் மைக்ரேன்தான்" என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. ஒரே கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கொத்தாகக் கொட்டினாலோ, திரை இறங்கின மாதிரி பார்வை மறைந்தாலோ, கண்ணை அசைத்தால் வலித்து மங்கினாலோ, கை கால் மரத்துப் பேச்சு குழறினாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். விழித்திரை கழன்றுகொள்வதும் பக்கவாதமும் நாளைக்குப் பார்க்கலாம் என்கிற ரகம் இல்லை. முதல் தடவை எது வந்தாலும் காட்டிவிடுவது நல்லது.

பாலி மரே 2019-ல் காலமானார். பர்க்டோர்ஃபர் 2014-லேயே போய்விட்டார். நோய்க்கு ஊர் பெயர், கிருமிக்கு விஞ்ஞானி பெயர். பட்டியல் போட்ட அம்மாவின் பெயர் எதிலும் இல்லை. 1996-ல் அவரே எழுதிய புத்தகத்தில் மட்டும் இருக்கிறது.

போன வாரம் நண்பனிடமிருந்து ஒரு மெசேஜ். "நேத்து மறுபடியும் வந்துச்சுடா. இந்தத் தடவை வலது பக்கம். 22 நிமிஷம். பயமா இல்ல. நோட்ல எழுதிட்டேன்."

கூடவே ஒரு போட்டோ. கோடு போட்ட நோட்டில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோட்டை மதில்.